கிழக்குச் சுவரும் கொடி ரோஸும்

சுவருக்குச் செடி வேண்டும் என்று யாராவது அழைத்தால், உங்களில் பலர் முதலில் கேட்பது என்ன நிறத்தில் பூ வேண்டும் என்பதைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சுவர் விழுந்தது. அதற்குப் பின் நான் நிறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, வேலையை விட்டு வந்த ஒருவன் என்ன சொல்லிவிட முடியும்? குழி எவ்வளவு ஆழம், எரு எத்தனை கூடை என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் ஒரே ஒரு ஆலையைப் பற்றி, அதன் இரண்டு சுவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒன்றில் ஜெயித்தேன். அந்த ஜெயம்தான் மற்றதைத் தள்ளியது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நேற்றுவரை மாடு மேய்ந்த பொட்டலில் இன்று ஒரு காம்பவுண்டுச் சுவர், நாளை அதற்குள் ஒரு தகரக் கூரை, அடுத்த வாரம் அதிலிருந்து புகை. நான் மீஞ்சூரில் ஒரு நாற்றுப் பண்ணையில் கண்காணிப்பாளன். காலை ரயிலில் நாற்றுக் கூடைகளோடு ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஆலை ஆலையாகப் பச்சை பூசிக்கொண்டிருந்தேன். பூசுவது என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். செடி வைப்பதும் வண்ணம் அடிப்பதும் ஒன்று என்று நம்பிய காலம் அது.

அந்த ஆலை இரும்பை உருக்கி வார்ப்பது. அதன் மேற்குச் சுவர் நீளமானது. வெயிலைத் தடுக்க அந்தப் பக்கம் ஒரு மரம்கூடக் கிடையாது. மேனேஜர் மல்லிகை வேண்டும் என்றார். வைத்தேன். பங்குனி வரை நன்றாகத்தான் ஏறியது. சித்திரையில் ஒரு விநோதம். கொடியின் வெளிப்பக்க இலைகள் பச்சையாகவே இருந்தன. சுவரைப் பார்த்த இலைகள் மட்டும் அப்பளம் போல் பொரிந்திருந்தன. பூச்சி என்று மருந்து அடித்தேன். தண்ணீர் போதவில்லை என்று குடம் குடமாக ஊற்றினேன். ஒரு நாள் மாலை, பொழுது சாய்ந்த பிறகு, வேலை முடிந்த அலுப்பில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். துள்ளி எழுந்துவிட்டேன். சூரியன் போய்விட்டது. சுவர் அதைப் போக விடவில்லை.

மேற்குச் சுவரில் வெயில் இரண்டு தடவை அடிக்கிறது. ஒன்று வானத்திலிருந்து, இன்னொன்று செங்கல்லிலிருந்து, விளக்கேற்றிய பிறகும். எந்த ஏட்டிலும் நான் படிக்காத இதை முதுகுதான் சொல்லித் தந்தது. மல்லிகையைப் பிடுங்கிவிட்டுக் காகிதப்பூ வைத்தேன். சுவரில் படர விடாமல், ஒரு சாண் தள்ளிக் கம்பி இழுத்து அதில் ஏற்றினேன். இடையில் காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோகட்டும் என்று. வேருக்கு நிழலாக முன்னால் ஒரு வரிசை இட்லிப்பூச் செடி. தலை வெயிலில், கால் நிழலில். அடுத்த கோடையில் அந்தச் சுவர் முழுக்க ஊதா நிறம் பற்றி எரிந்தது. ரயிலில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளில் கை போட்டுப் பேசினார். பக்கத்து ஆலைகளிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பினார்கள். கம்பி இழுத்துக் கொடி ஏற்றுவதில் பேட்டையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஆயிற்று.

கிழக்குச் சுவருக்கு வந்தபோது என் தலை அந்த நிலையில் இருந்தது.

கிழக்குச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. மேனேஜரின் மாடி அறை ஜன்னலைத் திறந்தால் துருப்பிடித்த மலைதான் காட்சி. பொங்கலுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், அதற்குள் அது மறைய வேண்டும் என்றார். சுவர் உயரம் போதாது. அதற்கு மேலும் நாலு அடி பச்சை நிற்க வேண்டும். கையில் இருந்தது ஏழு மாதம். காகிதப்பூ அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. நான் கொடி ரோஸைத் தேர்ந்தேன். உங்களுக்குத் தெரியும், அது மழை பட்டால் கண் முன்னாலேயே வளரும். இலை மேல் இலை அடுக்கி ஒரு பொட்டு வெளிச்சம் விடாது. ஆலையின் வெல்டரை வைத்துச் சுவரின் தலையில் இரும்பு ஆங்கிள்களை நட்டேன். மேற்கே செய்தது போலவே ஒரு சாண் தள்ளிக் கம்பி. ஐப்பசியில் துருமலை மறைந்துவிட்டது. சுவருக்கு மேலே, இளஞ்சிவப்புப் பூவோடு, இன்னொரு சுவர்.

என் ஆட்களில் அஞ்சலை என்று ஒருத்தி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். கணவர் ஏரியில் பாய்ப்படகு ஓட்டுபவர். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் மட்டும் அதைவிட மூத்தது. மேல் கம்பியில் கடைசிக் கொடியைக் கட்டி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள். நாலு எட்டு பின்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னா நைனா, மரத்த நட்டுப் பாயக் கட்டி வெச்சுட்ட?”

“நல்லா இருக்கில்ல?”

“நல்லாத்தான் கீது. காத்து ஏறினா இத்த யாரு எறக்கறது?”

“இது சுவரு அஞ்சலை. படகு இல்ல.”

“எங்க ஊட்டுக்காரரு வாடைக்காத்து மூக்குல பட்டாலே பாயச் சுருட்டிக்கினு உக்காந்துருவாரு. நீ சுருட்ட முடியாத பாயா கட்டிக்கிற.”

“சுவரு எங்கயும் ஓடிப் போவாது, போ.”

“ஓடாது நைனா. அது எங்க போவும், கீழதான் போவும்.”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பெரிய விஷயம் வேலை இடத்தில் கேலியாக வரும்போது நாம் கேலியை மட்டும் எடுத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுகிறோம்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. புயல் என்று ரேடியோவில்கூடச் சொல்லவில்லை. எல்லா வருடமும் வரும் வாடைதான். நான்காம் நாள் காலை நான் ஆலைக்குள் நுழைந்தபோது காற்று ஏரியின் மேலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் உப்பு இருந்தது. நான் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். கொடி ரோஸ் முழுதும் நனைந்து, கனத்து, வயிறு தள்ளி நின்றது. ஒவ்வொரு வீச்சுக்கும் கம்பிகள் விம்மின. ஆங்கிள்கள் உள்பக்கமாகத் தலை குனிந்தன, நிமிர்ந்தன, மறுபடி குனிந்தன. சுவர் மூச்சு இழுப்பதை நான் பார்த்தேன். அதற்குக் கீழேதான் சைக்கிள் ஸ்டாண்டு. நான் ஓடினேன், கத்தினேன், காற்று என் குரலைத் திருப்பி என் வாய்க்குள்ளேயே போட்டது.

முப்பது அடி நீளம். தூங்கப் போகிற ஆள் மாதிரி மெதுவாகச் சாய்ந்து, பிறகு ஒரேயடியாகப் படுத்தது.

சைக்கிள்கள் அப்பளமாயின. ஆள் யாரும் இல்லை. ஷிப்டு மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு விழுந்திருந்தால் சைக்கிள் எடுக்க அறுபது பேர் அங்கே நின்றிருப்பார்கள். 

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க” என்றார். என் ஆட்கள்தான் பக்கத்தில் இருந்தார்கள். கொடியை அரிவாளால் வெட்டச் சொன்னேன். கம்பிகளைச் சுருட்டச் சொன்னேன். வெல்டர் ஆங்கிள்களை அறுத்து எடுத்தார். நண்பகலுக்குள் கொடி ரோஸ் முழுவதும் டிராக்டரில் ஏறிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது செங்கல்லும் காரையும் மட்டும். நான் அவசரத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் எந்தச் செடியையும் அவ்வளவு வேகமாக நான் அப்புறப்படுத்தியதில்லை.

அந்தச் சுவரைக் கட்டியவர் கன்னியப்பன். திருப்பாச்சூர்க்காரர், இருபது வருடக் கொத்தனார். அவரோடு பதினோரு பேர். பேட்டையில் பாதிச் சுவர்கள் அவர் கை. சுவர் கட்டிக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்து ஆலை வேலைக்குப் போன பிறகுதான் நான் அதன் தலையில் ஆங்கிள் நட்டேன். அதில் என்ன ஏறியது என்று அவருக்குத் தெரியாது. ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் வந்து நின்றார்.

மேனேஜர் ஒரு காரைக்கட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் கையில் வைத்து நசுக்கினார். மூன்று நாள் மழையில் ஊறியது, உதிர்ந்தது.

“இது சிமென்ட்டாய்யா? இல்ல விபூதியா?”

“சார், ஒண்ணுக்கு அஞ்சு மணலுதான் சார் கலந்தோம். நானே நின்னுக்கினு...”

“அறுபது பேரு உசுருய்யா இது! பேட்டைல இனி ஒரு செங்கல்லு வெக்க மாட்ட நீ.”

சத்தம் போட்டுச் சொன்னது அன்று மாலையே நடந்தது. மேனேஜர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பக்கத்து ஆலையில் கன்னியப்பன் தோள் உயரம் எழுப்பியிருந்த சுவரை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவருடைய பதினோரு பேரும் மறுநாள் மட்டக்கோலும் கரண்டியுமாக ஸ்டேஷன் மேடையில் உட்கார்ந்திருந்ததை நான் ரயிலிலிருந்து இறங்கும்போது பார்த்தேன்.

சுவரை இழுத்துப் போட்டது என் கொடிதான் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள், முதல் நாளே சொல்லாததை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். உண்மைக்கு ஒரு பதம் உண்டு. தாண்டிவிட்டால் பிறகு அதைச் சொல்ல இரட்டைத் தைரியம் வேண்டும்: உண்மைக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று.

இரண்டாம் நாள் பகலில் கன்னியப்பனே என்னைத் தேடி வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சார், தெனிக்கும் அந்தச் சுவத்தாண்டையே இருந்தவரு நீங்கதான். விரிசல் கிரிசல் எதனா கண்ணுல பட்டுச்சா?”

“இல்லையே.”

“அதான் சார் பேஜாரா கீது. விரிசல் இல்லாம எப்டி சார் விழும்? ஆத்து மணல்தான் போட்டேன். ஒருவேள நான் டீக்குப் போன நேரத்துல கலவைல எதனா கம்மி பண்ணிட்டானுங்களா... அந்த ரெண்டு நாளு எனக்கு ஜொரம் வேற. தூக்குக்குண்டு சரியாப் பாத்தேனான்னு இப்ப யோசிக்கறேன்...”

விரிசல் இல்லை என்று நான் சொன்னது உண்மை. வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பொய் அதுதான். ஒரு நல்ல வேலைக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என் எதிரில் நின்றார். நான் நாற்றுகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அஞ்சலை வேலைக்கு வந்ததும் மண்வெட்டியை எடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

எதை என்று நான் கேட்கவில்லை. “நீ சொன்னா உன் வேலை போயிடும் அஞ்சலை” என்றேன்.

“போவட்டும். ஏரில எறங்கி எறா தடவிப் பொழச்சிக்குவேன். உனுக்கு அதுகூட வராதே நைனா, நீ இன்னா பண்ணுவ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டேன். அந்தச் சிரிப்பு இல்லாமல் ஏறியிருக்க மாட்டேன்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவருக்கு மேல் நாலு அடி. இடைவெளி இல்லாத இலை. மழை ஊறிய கனம். வாடைக்கு நேர் எதிரே விரித்து நின்றது. எவ்வளவு நல்ல கலவையாக இருந்தாலும் அந்த இழுப்புக்கு அந்தச் சுவர் நின்றிருக்காது என்றேன். வெட்டி அள்ளிப் போட்டதையும் சொன்னேன்.

 அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“நாலு அடி மேல வேணும்னு கேட்டது நான்யா.”

“ஆமா சார். முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நான்.”

“கொத்தனார்னு முடிஞ்சு போச்சே. அவன் ஒரு வருஷத்துல வேற எங்கயாவது வேலை புடிச்சிப்பான். இத இப்போ எதுக்குக் கிளப்பற? உன் வேலை நல்லாத்தானே போகுது?”

தோழர்களே, நெருக்கடி என்றால் மணி அடிக்கும், ஆட்கள் ஓடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். சுவர் விழுந்ததைவிட நெருக்கடியான நேரம் அந்த அறையில்தான் இருந்தது. சத்தமே இல்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. தட்டில் பிஸ்கட் இருந்தது. ஒரு மரியாதையான மனிதர் என்னை மரியாதையாகக் காப்பாற்றப் பார்த்தார்.

நான் மேசை மேலிருந்து ஒரு தாளை எடுத்தேன். சுவர் சாய்ந்தது கொடியாலும் அதைத் தாங்கிய கம்பிகளாலும், அவற்றைத் தேர்ந்து நட்டது நான், கொத்து வேலையில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“நான் கேட்டதையும் எழுதிட்டியா?”

“என்னோடத மட்டும் எழுதியிருக்கேன் சார். உங்களோடத நீங்கதான் எழுதணும்.”

அவர் அதை எழுதவில்லை. ஆனால் தாளை இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்து ஆலைக்குத் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்து என்னைப் பார்த்தார். “சுவத்த அவன் கட்டட்டும். செடிய நீயே நடு. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு வேலை செய்ங்க. அதுதான் உங்களுக்குத் தண்டனை.”

கிழக்குச் சுவருக்கு இந்த முறை என்ன என்று நான் பல நாள் யோசித்தேன். ஏரிப் பக்கம் போய்க் கரையோரம் நின்றேன். உப்புக் காற்றை வருடம் முழுவதும் வாங்கிக்கொண்டு எது நிற்கிறது என்று பார்த்தேன். உயரமாக, அடர்த்தியாக எதுவும் நிற்கவில்லை. நின்றவை எல்லாம் வளைந்தன, அல்லது காற்றைத் தங்கள் ஊடே போக விட்டன. நொச்சியின் இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. அரளியின் இலை கத்தி மாதிரி மெலிந்து காற்றுக்கு விளிம்பைக் காட்டுகிறது. காற்றுச் சுவருக்குச் செடி தேடும்போது எது தடுக்கும் என்று பார்க்காதீர்கள், எது சலிக்கும் என்று பாருங்கள். சல்லடை பறப்பதில்லை, முறம் பறக்கும். சுவருக்கு வெளியே, கிடங்குக்காரரிடம் கேட்டு, நாலடி தள்ளி இரண்டு வரிசை மாற்றி மாற்றி அரளியும் நொச்சியும் வைக்க முடிவு செய்தேன். வீச்சு சுவரில் படும் முன்பே பாதி தளர்ந்துவிடும். சுவரில் ஏற ஒன்று வேண்டும் என்றால், கம்பியே வேண்டாமல் வேரால் ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி படியும் சின்ன இலைக் கொடி. அதுவும் சுவரின் தலையைத் தாண்டும் முன் வெட்டிவிட வேண்டும். துருமலை தெரியும்தான். விருந்தினர்கள் தங்கள் ஊரில் துருவைப் பார்க்காதவர்களா என்ன?

கன்னியப்பன் அஸ்திவாரத்தின் மேல் முதல் வரிசைக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த காலையில் நான் போய் நின்றேன். இதையெல்லாம் சொன்னேன். எங்கே நடுவேன், எவ்வளவு உயரம் விடுவேன், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று. அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். பத்தடிக்கு ஒரு தூண் இருந்த இடத்தில் எட்டடிக்கு ஒன்று வைக்கிறேன் என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் கலவை கிளறும் சத்தம்.

பிறகு கயிற்றை முளையில் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும். உனுக்கு என்னிக்குத் தெரியும்?”

சார் என்ற சொல் அதில் இல்லை என்பதை நான் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை ஒருபோதும் அப்படி அழைக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது என்று சொல்லியிருக்கலாம். மேனேஜரிடம் போன அன்று காலைதான் தோன்றியது என்றும் சொல்லியிருக்கலாம்.

“சாயும்போதே தெரியும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு செங்கல்லை எடுத்தார், இன்னொன்றால் அதைத் தட்டி ஓசையைக் கேட்டார், கீழே வைத்தார்.

“எங்க ஊடும் நான் கட்டினதுதான்” என்றார். “மூணு நாளு, பொண்டாட்டி புள்ளைங்க யாரையும் அந்தச் சுவத்தோரம் படுக்க விடல.”

சொல்லிவிட்டு நீரில் நனைத்த செங்கல்லை எடுத்து முதல் வரிசையை வைக்க ஆரம்பித்தார்.